இடம் வலமாக மாறிய நான்கு விநாடி

1. தங்கராஜின் ஃபோன்

காலை பத்து மணி இருக்கும். சிவகாசியில் என் எடிட்டிங் அறையில் உட்கார்ந்து ஒரு காதுகுத்து வீடியோவுக்குப் பாட்டு ஏற்றிக்கொண்டிருந்தேன். பட்டாசு ஆலை மேனேஜர் தங்கராஜ் ஃபோன் செய்தார். அவருடைய ஆலைக்கு ஒரு பாதுகாப்புப் பயிற்சி வீடியோ செய்து கொடுத்து அப்போதுதான் ஒரு மாதம் ஆகியிருந்தது.

"மேடம், நேத்து நம்ம கம்பெனில தீப்பிடிச்சிருச்சு."

நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். எங்கள் ஊரில் அந்த ஒரு வார்த்தைக்கு அடுத்து என்ன வரும் என்று எல்லோருக்கும் பயம் உண்டு.

"பதறாதீக. உயிருக்கு ஒண்ணுமில்ல. காயப்போடுற மேடையில பத்துச்சு. மண்ணைப் போட்டு அமத்திட்டோம். ஆனா மூணு பொம்பளைக மேகசின் பக்கமா ஓடிட்டாக. ஒருத்திக்கு மணிக்கட்டு ஒடிஞ்சுபோச்சு."

மேகசின் என்பது செய்து முடித்த பட்டாசுச் சரக்கை இருப்பு வைக்கும் அறை. தீ என்றால் ஆலையில் யாருமே போகக் கூடாத இடம் அதுதான்.

"உங்க வீடியோவ அம்புட்டு நாளு போட்டுக் காட்டுனோம். மண்டையில ஏறலனா நாம என்ன செய்ய முடியும்? விசாரணைக்கு வருவாக. பயிற்சி குடுத்தோம்னு காட்டணும். ஒரு பென்டிரைவ்ல வீடியோவப் போட்டுக் குடுங்க மேடம்."

ஃபோனை வைத்ததும் என் மனதில் முதலில் எழுந்தது வருத்தம் இல்லை என்பதை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். எனக்குக் கோபம்தான் வந்தது. இவ்வளவு தெளிவாகக் காட்டியும் அந்தப் பெண்கள் எப்படித் தப்பாக ஓடலாம் என்று நினைத்தேன்.

2. அதுவரை என் வேலை

பயிற்சி வீடியோவுக்கு வரும் முன் பதினெட்டு வருடம் கல்யாண வீடியோ எடிட் செய்தேன். விருதுநகரில் ஒரு ஸ்டுடியோவில் வேலை பழகினேன். பிறகு சிவகாசியில் சொந்தமாக ஒரு கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டேன். நாள் முழுக்க எடுத்த காட்சிகளைக் கொண்டுவந்து கொட்டுவார்கள். நான் நல்ல முகங்களைப் பொறுக்குவேன், ஆடாத ஷாட்டுகளை வைத்துக்கொள்வேன், பாட்டின் தாளத்துக்கு வெட்டுவேன், கலர் சரிசெய்வேன், எக்ஸ்போர்ட் கொடுத்து முழு வீடியோவாக எடுப்பேன். இதே வரிசைதான், வருடக் கணக்காக. கை தானாகவே செய்யும்.

தங்கராஜ் கேட்டபோதும் அதே வரிசையில்தான் செய்தேன். ஏழு நிமிட வீடியோ. வேலைக்குள் நுழையும்போது என்ன செய்ய வேண்டும், கையில் எவ்வளவு சரக்கு வைத்துக்கொள்ளலாம், தீப்பிடித்தால் எப்படி வெளியேற வேண்டும், இவ்வளவும் அதில் இருந்தது. போர்மேன் கருப்பசாமி கூடவே நின்று எல்லாவற்றையும் செய்து காட்டினார். அந்த ஆலையில் இருபது வருடமாக இருக்கிற ராசாத்தி என்பவரும் இன்னும் நான்கு பெண்களும் நடித்தார்கள்.

எடிட் முடிந்ததும் ஆபீஸில் வைத்து தங்கராஜும் கருப்பசாமியும் ஃபோனில் பார்த்தார்கள்.

"நல்லாருக்குக்கா. சினிமாப் படம் மாதிரி சர்ருனு போகுது" என்றார் கருப்பசாமி.

அதைப் பெரிய பாராட்டாக எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

3. விஸ்வநத்தத்தில் ஒரு வீடு

கை ஒடிந்தவர் பெயர் பேச்சியம்மாள். தீபாவளி சீசனுக்காகப் புதிதாகச் சேர்ந்தவர், வேலைக்கு வந்து பதினோரு நாள்தான் ஆகியிருந்தது. பென்டிரைவைக் கொடுக்கப் போகும் வழியில் அவரைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று விஸ்வநத்தத்துக்கு வண்டியைத் திருப்பினேன். நலம் விசாரிக்கவா, அல்லது "ஏன் தப்பாக ஓடினாய்" என்று கேட்கவா என்று இப்போது என்னால் சொல்ல முடியவில்லை. இரண்டும் கலந்துதான் இருந்திருக்கும்.

மாவுக்கட்டுப் போட்ட கையைத் தலையணை மேல் வைத்து உட்கார்ந்திருந்தார். முகம் முழுக்கக் கீறல். மேகசினைச் சுற்றியிருந்த முள்கம்பி வேலியில் போய் விழுந்திருக்கிறார்.

"வாங்க. வீடியோ புடிக்கிற அக்காதான நீங்க? கம்பெனில சொன்னாக. உக்காருங்க."

"ரொம்ப வலிக்குதாம்மா?"

"வலி கெடக்கட்டும்க்கா. எங்க மூணு பேரையும் வேலைக்கு வர வேண்டாம்னு சொல்லிட்டாக. சொல்பேச்சு கேக்காம ஓடுனோமாம். நாங்க கேட்டுத்தானக்கா ஓடுனோம்."

"மேகசின் பக்கம் போகக் கூடாதுன்னு சொல்லித்தானே கொடுத்தாங்க?"

"மேகசின் எங்கன இருக்குன்னு எனக்கு எப்பிடித் தெரியும்? வேன்ல எறங்குறோம், ஷெட்டுக்குள்ள போறோம், திரும்ப வேன்ல ஏறுறோம். எல்லா ஷெட்டும் ஒண்ணு போலத்தான் இருக்கு. நீங்க காட்டுன பக்கந்தான் ஓடுனேன். கதவத் தாண்டுனதும் எடது பக்கம்."

"வலது பக்கம்" என்று திருத்தினேன்.

"எடது பக்கம்க்கா. பதினோரு நாளும் காலையில பாத்துட்டுத்தான் வேலைக்கு உக்காருவோம். கண்ண மூடுனாக்கூட எனக்குத் தெரியும்."

அவருக்குக் காட்டிப் புரியவைக்க என் ஃபோனில் வீடியோவை ஓட்டினேன். தீ ஒத்திகைக் காட்சி வந்தது. ஷெட்டுக்குள்ளிருந்து, பெண்களின் முதுகுக்குப் பின்னாலிருந்து எடுத்த ஷாட் அது. ராசாத்தி கையிலிருந்ததை அப்படியே விட்டுவிட்டு எழுந்தார். கதவைத் தாண்டினார். இடது பக்கம் திரும்பி ஓடினார். அவருக்குப் பின்னால் நான்கு பேரும் இடது பக்கம் ஓடினார்கள்.

பின்னுக்கு இழுத்து மறுபடி பார்த்தேன். இடது பக்கம்தான்.

அந்த ஒத்திகையை எடுக்கும்போது கேமராவுக்குப் பின்னால் நின்றது நான்தான். அவர்கள் வலது பக்கம் ஓடினார்கள். கேட்டை ஒட்டியுள்ள காலி இடத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். என் கண்ணால் பார்த்தேன். அப்படியானால் இது என்ன?

ஒரு நொடியில் ஞாபகம் வந்தது. அதே ஓட்டத்தை வெளியே எதிரே நின்றும் ஒரு கேமராவில் எடுத்திருந்தோம். எதிரேயிருந்து பார்த்தால் அவர்கள் திரையின் இடது பக்கமாகப் போவார்கள். இரண்டு ஷாட்டையும் ஒட்டியபோது, வலப்பக்கம் ஓடியவர்கள் அடுத்த விநாடியே இடப்பக்கம் ஓடுவது போல் தெரிந்தது. கண்ணை உறுத்தியது. கல்யாண வீடியோவில் மாப்பிள்ளை கார் இப்படித் திசை மாறி வந்தால் ஃப்ளிப் செய்துவிடுவோம். ஒரு பட்டனைத் தட்டினால் காட்சி கண்ணாடியில் தெரிவது போல இடம் வலமாக மாறிவிடும். எழுத்து எதுவும் இல்லாத காட்சியில் யாருக்கும் தெரியாது. இங்கேயும் முதல் ஷாட்டை ஃப்ளிப் செய்தேன். யோசிக்கக்கூட இல்லை. மூக்கு அரித்தால் சொறிவது போலத்தான் அதைச் செய்திருக்கிறேன். அந்த ஷாட் நான்கு விநாடி நீளம்.

"என்னக்கா, தண்ணி குடிக்கிறீகளா?" என்று பேச்சியம்மாள் கேட்டார். கை ஒடிந்தவர் என்னைக் கேட்கிறார்.

"நீ சரியாத்தான் ஓடியிருக்க. தப்பு என்னோடது" என்றேன். அவருக்கு அது விளங்கவில்லை. ஃபோனைக் காட்டி விளக்கிச் சொன்னேன்.

"அப்ப தீ மேகசின் பக்கம் பரவியிருந்தா?" என்றார்.

அந்தக் கேள்விக்கு என்ன பதில் என்று இருவருக்கும் தெரியும்.

4. தங்கராஜின் அறை

அங்கிருந்து நேராக ஆலைக்குப் போனேன். தங்கராஜிடம் பென்டிரைவைக் கொடுக்கவில்லை. என் ஃபோனை மேசையில் வைத்து ஓட்டிக் காட்டினேன். மூன்று முறை பார்த்தும் அவருக்குப் பிடிபடவில்லை. பிறகு அவரை எழுப்பி வாசலுக்குக் கூட்டிப்போய், ஷெட்டைக் காட்டி, "இந்தக் கதவிலிருந்து எந்தப் பக்கம் சார்?" என்றேன். வலது பக்கம் கையை நீட்டியவர் அப்படியே கையை இறக்கினார்.

உள்ளே வந்து கதவைச் சாத்தினார்.

"மேடம், இது நம்ம ரெண்டு பேரோட இருக்கட்டும். அந்த ஷாட்டச் சரி பண்ணி புதுசா ஒண்ணு குடுங்க. பழச அழிச்சிருவோம். உங்க பேருக்கும் கெடுதல் இல்ல, எங்களுக்கும் சங்கடம் இல்ல."

"அந்த மூணு பேரு?"

"வேற கம்பெனிக்குப் போயிக்கிருவாக. சீசன்தான?"

அவர் மேசையில் ஒரு அறிக்கை தட்டச்சு செய்து வைக்கப்பட்டிருந்தது. 'தொழிலாளர்கள் பயிற்சியில் காட்டியபடி செயல்படவில்லை' என்ற வரியை நான் தலைகீழாகப் படித்தேன். பயிற்சியில் காட்டியபடி செயல்பட்டவர்கள் அந்த மூன்று பேரும்தான்.

சம்மதித்துவிடலாம் என்று எனக்கும் ஒரு நிமிடம் தோன்றியது. சிவகாசி சின்ன ஊர். 'அவ வீடியோவால தீயில மாட்டப் பார்த்தாக' என்று ஒருவர் சொன்னால் போதும், என் அறையின் கதவை ஒருவரும் தட்ட மாட்டார்கள். ஆனால் அந்தக் கீறல் விழுந்த முகத்தைப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். ஒரு வெள்ளைத் தாள் கேட்டு வாங்கி, என்ன செய்தேன், எந்த ஷாட்டில் செய்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

"இதையும் அறிக்கையோட சேர்த்து வைங்க சார். விசாரணைக்கு வர்றவங்ககிட்ட நானே வந்தும் சொல்றேன்."

தங்கராஜ் தாளைத் தொடவே இல்லை. போர்மேன் கருப்பசாமியைக் கூப்பிட்டு, "இந்தம்மா என்ன எழுதியிருக்குன்னு பாரும்" என்றார். கருப்பசாமி என்னைத் திட்டுவார் என்று தங்கராஜ் எதிர்பார்த்திருப்பார் போலிருக்கிறது. எனக்கும் அந்தப் பயம்தான்.

கருப்பசாமி நின்றுகொண்டே படித்தார். வீடியோவைப் பார்த்தார். தலையில் கை வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"பதினோரு நாளும் நான்தான சார் போட்டுக் காட்டுனேன். இந்த ஆலையில கண்ணக் கட்டி விட்டாலும் நடந்துருவேன். எனக்கே தெரியலியே." என் பேனாவை வாங்கி, என் கையெழுத்துக்குக் கீழே 'நானும் பார்த்து, சரி என்று சொன்னேன்' என்று எழுதித் தன் கையெழுத்தைப் போட்டார். "அந்தப் பிள்ளைகள வரச் சொல்லுங்க சார். இத மறைச்சு வச்சுட்டு நாளைக்கு நான் எப்பிடி அவுகள ஷெட்டுக்குள்ள உக்கார வைப்பேன்?"

போர்மேன் இல்லாமல் ஆலை ஓடாது. தங்கராஜ் அறிக்கையை எடுத்து மடித்து மேசை டிராயரில் போட்டார். "வேற எழுதுறேன்" என்று மட்டும் சொன்னார்.

5. மதியச் சாப்பாட்டு இடைவேளை

இரண்டு நாள் கழித்து, சாப்பாட்டு இடைவேளையில் எல்லாத் தொழிலாளர்களும் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். பேச்சியம்மாளும் மற்ற இருவரும் முன்வரிசையில் இருந்தார்கள். அசல் ஷாட்டையும் நான் ஃப்ளிப் செய்த ஷாட்டையும் பக்கத்துப் பக்கத்தில் ஓட்டினேன்.

முதலில் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. பிறகு ராசாத்தி சத்தம் போட்டார். "ஏ, எனக்குப் பச்சை குத்துன கை மாறிப்போச்சே! எடது கைல குத்துனது வலது கைல இருக்கு!"

சிரித்தார்கள். யாரோ "கைய மாத்தி மாட்டிட்டாகடி" என்றார்கள். பிறகு ஒவ்வொருவராக விஷயம் உறைத்து, சிரிப்பு அப்படியே அடங்கியது. கூடம் முழுக்க என்னைப் பார்த்தது. தப்பு என்னுடையது, இந்த மூன்று பேருடையது இல்லை என்று சொன்னேன்.

பழைய ஆட்கள் பழக்கத்தில் சரியாக ஓடிவிட்டார்கள். வீடியோவை நம்பிய புதியவர்கள் மட்டும் தப்பாக ஓடினார்கள். என் வேலையை ஒழுங்காகக் கவனித்துப் பார்த்தவர்களுக்குத்தான் அது கெடுதல் செய்திருக்கிறது.

6. சரிசெய்த வீடியோ

ஃப்ளிப்பை எடுத்துவிட்டால் முடிந்தது என்று நினைத்தேன். எடுத்தேன். ஆனால் இந்த முறை யாரிடமும் "நல்லாருக்கா?" என்று கேட்கவில்லை. ஆலைக்குப் புதிதாக வந்த ஐந்து பெண்களை உட்காரவைத்து ஒரு தடவை காட்டினேன். பிறகு, அன்று சரக்கு எதுவும் இல்லாத ஒரு காலி ஷெட்டில் அவர்களை உட்காரவைத்தோம். கருப்பசாமி விசில் ஊதினார்.

மூன்று பேர் வலது பக்கம் ஓடினார்கள். இரண்டு பேர் இடது பக்கம் ஓடினார்கள்.

"என்னக்கா இது!" என்று கருப்பசாமி என்னைப் பார்த்தார். இப்போது வீடியோ சரிதானே? ஒரு ஷாட்கூட ஃப்ளிப் இல்லையே?

இடது பக்கம் ஓடிய ஒரு பெண்ணைக் கூப்பிட்டுக் கேட்டேன். "வெளிய வந்த பெறகு அங்கிட்டுத்தான போறாக?" என்று திரையில் கையை நீட்டிக் காட்டினார். அவர் காட்டியது எதிரேயிருந்து எடுத்த இரண்டாவது ஷாட். எதிரே நின்று பார்த்தால் அவர்களுடைய வலது நமக்கு இடது. சிலர் அதை மனதுக்குள் திருப்பிக்கொள்கிறார்கள், சிலர் கண்டபடியே எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டு ஷாட்டையும் ஒட்டியதால்தான் குழப்பமே. அதை ஒட்டியதும் நான்தான்.

மறு வாரம் திரும்ப எடுத்தோம். ஒரே கேமரா, ராசாத்தியின் தோளுக்குப் பின்னால். உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்து, கதவைத் தாண்டி, வலப்பக்கம் திரும்பி, காலி இடத்தில் போய் நிற்கும் வரை வெட்டே இல்லாத ஒரே ஷாட். நாற்பத்தி மூன்று விநாடி. கேமரா குலுங்கியது, கருப்பசாமியின் முழங்கை குறுக்கே வந்தது. கல்யாண வீடியோ என்றால் தூக்கிப் போட்டிருப்பேன். வேறு ஐந்து புதுப் பெண்களுக்குக் காட்டினோம். ஐந்து பேரும் வலது பக்கம் ஓடினார்கள்.

7. இப்போதைய வரிசை

இந்த வேலைக்கு வருகிற இளையவர்கள் என்னிடம் எந்த சாஃப்ட்வேர், எந்தக் கம்ப்யூட்டர் என்று கேட்கிறார்கள். எது இருந்தாலும் சரி. நான் வேலை செய்கிற வரிசையைச் சொல்கிறேன், உபயோகப்பட்டால் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள் கேமராவை எடுத்துக்கொண்டு போவதில்லை. வேனில் ஏறித் தொழிலாளர்களோடு உள்ளே போய், அவர்கள் நடக்கிற பாதையில் நடந்து, தாளில் படம் வரைந்துகொள்கிறேன். எது வலம், எது இடம், எங்கே போகக் கூடாது என்று அம்புக்குறி போட்டு, போர்மேனிடம் கையெழுத்து வாங்குகிறேன். எடிட் செய்யும்போது அந்தத் தாள் மானிட்டருக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும்.

படம் பிடிக்கும்போது போக வேண்டிய பக்கத்தில் ஒரு சிவப்புத் துணி கட்டிவிடுவேன். திசை சம்பந்தப்பட்ட எந்தக் காட்சியையும் ஆளின் முதுகுப் பக்கமிருந்துதான் எடுப்பேன். அந்தக் காட்சியை வெட்டுவதில்லை, வேகம் கூட்டுவதில்லை. கீபோர்டில் ஃப்ளிப்புக்கு வைத்திருந்த ஷார்ட்கட்டை அழித்துவிட்டேன். கல்யாண வேலைக்கு வேண்டுமென்றால் மெனுவுக்குள் போய்த் தேடித்தான் எடுக்கிறேன். தேடுகிற அந்த நேரத்தில் யோசனை வந்துவிடும்.

முதல் எடிட் முடிந்ததும் சத்தத்தை நிறுத்திவிட்டு ஒரு தடவை பார்ப்பேன். காலையில் எல்லோரும் பேச்சும் சிரிப்புமாக இருக்கும்போது நம் பின்னணிக் குரல் யார் காதிலும் விழாது. படமே சொல்ல வேண்டும்.

அதற்குப் பிறகுதான் முக்கியமான வேலை. அந்த இடத்தைப் பார்த்திராத ஐந்து பேருக்குக் காட்டி, காலி ஷெட்டில் விசில் ஊதச் சொல்கிறேன். நான் அவர்கள் காலைப் பார்க்கிறேன். 'புரிஞ்சுதா?' என்று கேட்டால் எல்லோரும் 'புரிஞ்சுது' என்றுதான் சொல்வார்கள், நம் மனம் நோகக் கூடாது என்று. ஒரு கால் தப்பாகப் போனாலும் எக்ஸ்போர்ட் கிடையாது.

பேச்சியம்மாள் கை எலும்பு கூடியதும் வேலைக்குத் திரும்பினார். தங்கராஜ் அடுத்த வீடியோவையும் எனக்கே கொடுத்தார். "தப்பு எங்கன நடக்கும்னு இப்ப உங்களுக்குத்தான தெரியும்" என்றார். பாராட்டா, குத்தலா என்று கேட்டுக்கொள்ளவில்லை.

8. ஏழாயிரம்பண்ணை

போன மாதம் ஏழாயிரம்பண்ணைப் பக்கம் வேறொரு ஆலைக்கு வீடியோ முடித்துக் கொடுத்தேன். மேலே சொன்ன வரிசையில் ஒன்றுகூட விடவில்லை. ஐந்து பேர் ஓடிப் பார்த்து, ஐந்தும் சரி. ஆலை முழுக்க ஒத்திகை வைத்த அன்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். கொஞ்சம் பெருமையோடுதான் கேட் ஓரத்தில் நின்றேன்.

சைரன் அடித்தது. நாற்பது பேரும் வெளியே வந்து, சொன்ன பக்கம் திரும்பி, சொன்ன இடத்துக்கு ஓடி வந்தார்கள். ஒருவர்கூடத் தப்பாகத் திரும்பவில்லை. அப்போது கூட்டத்திலிருந்து ஒரு பெண் விலகி, திரும்ப ஷெட்டுக்கே ஓடினார். கதவுக்குள் போய்விட்டார். ஒத்திகைதான், தீ இல்லை, அது எனக்குத் தெரியும். ஆனாலும் கதவை நோக்கி ஓடினேன்.

கொஞ்ச நேரத்தில் ஒரு தூக்குச்சட்டியோடு வெளியே வந்தார்.

"ஏம்மா, எதுக்காகத் திரும்பிப் போனீங்க?" என்றேன்.

அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். "வீட்டுச் சாவியும் பிள்ளைக்கு வாங்குன மருந்தும் இதுக்குள்ளதான கெடக்கு. வெளிய வரச் சொன்னீக, வந்துட்டேன். திரும்பப் போகக் கூடாதுன்னு உங்க வீடியோல எங்கன சொன்னீக?"

சொல்லவில்லை. முழு வீடியோவில் ஒரு விநாடிகூட அதைச் சொல்லவில்லை. நான் திசையை மட்டும் கவனித்திருக்கிறேன். ஒரு பெண் எதற்காகத் தீக்குள் திரும்பிப் போவாள் என்று யோசிக்கவே இல்லை. என் மேசையில் உட்கார்ந்து யோசித்திருந்தாலும் அந்தத் தூக்குச்சட்டி எனக்குத் தோன்றியிருக்காது. வீடியோவைக் கொடுத்த பிறகும் ஒரு நாள் போய் நின்று பார்க்க வேண்டும் என்பதை அன்றுதான் கற்றேன். காட்டியதை அப்படியே செய்வார்கள். காட்டாமல் விட்டதை அவரவர் வீட்டுத் தேவைப்படி செய்வார்கள்.

அந்த ஆலையில் இப்போது கேட்டுக்கு உள்பக்கம் சுவர் நெடுக ஆணி அடித்திருக்கிறார்கள். பையும் தூக்குச்சட்டியும் ஷெட்டுக்குள் போகக் கூடாது. வீடியோவைத் திரும்ப எடுத்தேன். முதல் காட்சியே அந்தப் பெண் தன் தூக்குச்சட்டியை ஆணியில் மாட்டுவதுதான். மாட்டிவிட்டு, அது விழாது என்று ஒரு தரம் ஆட்டிப் பார்த்துவிட்டு, வெறுங்கையோடு உள்ளே போகிறார்.